யார் பார்த்தார்கள் என்று அவள் கேட்டாள்

டேய் கல்யாணப் பையா,

கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. லேக் மார்க்கெட்டில் வாழையிலைக்குச் சொல்லியாகிவிட்டது. பூக்காரர் சம்பங்கியா மல்லிகையா என்று காலையிலிருந்து போன் செய்துகொண்டே இருக்கிறார். உன் அப்பா எந்தச் செருப்பைப் போட்டுக்கொள்வது என்று என்னிடம் வந்து கேட்கிறார். நான் என்னடாவென்றால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு உன் கிளினிக் கவுன்டரில் உட்கார்ந்து, பேஷன்ட்டுகள் வந்து போகிற இடைவெளியில் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீ யாருக்கோ பல்லை ராவிக்கொண்டிருக்கிறாய், மெஷின் சத்தம் கேட்கிறது. எழுந்து வந்து நேரில் சொல்லலாம்தான். சொன்னால், ‘அப்புறம் பேசலாம்மா’ என்று கையுறையை மாட்டிக்கொண்டு போய்விடுவாய். எழுத்து என்றால் நீ தப்ப முடியாது. அதுவும் இது இங்கே வங்காளத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கொண்டுவரும் பொங்கல் மலருக்கும் போகப் போகிறது, ஊரே படிக்கும், அப்போது நீயும் படித்துத்தான் ஆகவேண்டும். சந்தோஷம் வந்தால் எனக்கு ஊரைக் கூட்டத்தான் தெரியும். அது உனக்கும் தெரியும்.

பயப்படாதே, கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இதில் அபிராமி என்று வரப்போகிற பெண்ணின் நிஜப் பெயர் அபிராமி இல்லை. என்ன பெயர் வைக்கட்டும் என்று அவளையே கேட்டேன், அவள்தான் யோசித்துச் சொன்னாள். எழுதி முடித்ததும் முதலில் அவளிடம் காட்டுவேன், எந்த வரியை அடிக்கச் சொல்கிறாளோ அந்த வரியை அடித்துவிடுவேன். கல்யாணப் பத்திரிகை கையில் இருக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும், அது வேறு. ஆனால் கேட்டேன் பார், போன வருஷத்து நான் கேட்டிருப்பேனா? நீயே சொல்.

போன வருஷத்து என்னை நீ எவ்வளவு பொறுத்துக்கொண்டாய் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கவுன்டரில் வேலை பார்த்த மௌமிதா பிரசவத்துக்குப் போனதும், ‘வேற ஆள் எதுக்கு, நான் இருக்கேன்’ என்று கவுன்டரில் வந்து உட்கார்ந்தவள் நான். முதல் வாரமே ஒரு பெரியவரைப் பார்த்து, ஹால் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது, ‘தாதா, உங்க பல் செட் வந்துடுச்சு!’ என்று வங்காள மொழியில் கூவினேன். நல்ல சேதியைச் சத்தமாகச் சொன்னால் என்ன தப்பு என்பது என் எண்ணம். அவருக்குப் பக்கத்தில் அவருடைய ஆபீஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரியவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! அன்று சாயங்காலம் நீ என்னைத் திட்டவில்லை. ‘அம்மா, பேரைச் சொல்லி உள்ள வாங்கன்னு மட்டும் கூப்பிடு. எதுக்கு வந்தாங்கங்கிறது அவங்க விஷயம்’ என்றாய். சரி என்றேன். அடுத்த மாதம் துர்கா பூஜை வந்தது. கிளினிக் போனில் இருந்த அத்தனை நம்பருக்கும் ‘ஷுபோ பிஜோயா’ என்று விஜயதசமி வாழ்த்து அனுப்பினேன், கூடவே நான் செய்த தேங்காய் பர்பியின் போட்டோ வேறு. அதற்குத்தான் நீ முதல் முறையாகக் குரலை உயர்த்தினாய். ‘அவங்க நம்பர் கொடுத்தது பல்லுக்கும்மா. உன் பர்பிக்கு இல்லை.’ எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாழ்த்து சொன்னால்கூடக் குற்றமா என்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை, உனக்கு நினைவிருக்கும்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போகிற வயது, அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் நாம் அப்போது குவார்ட்டர்ஸில் இருந்தோம். சந்தில் கிரிக்கெட் ஆடி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தாய். டாக்டர் அழகாக ஒட்டிக் கொடுத்தார், பார்த்தால் யாருக்கும் தெரியாது. நான்தான் பால்காரரிலிருந்து ‘பௌதி’ என்று நாங்கள் கூப்பிடும் மாடி வீட்டு வங்காளி அக்கா வரைக்கும் ஒருவர் விடாமல் சொன்னேன். கவலையில் சொன்னேன், பாவம் பிள்ளை என்று சொன்னேன். அடுத்த வாரம் சந்துப் பையன்கள் எல்லாரும் உன்னை ‘ஃபோக்லா, ஃபோக்லா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், பொக்கை வாயன் என்று. பல் வாயில் பத்திரமாக இருந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ‘ஏம்மா சொன்னே?’ என்று நீ கேட்டது ஒரே ஒரு தடவைதான். நான் உனக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை, சிரித்திருப்பேன்.

அப்புறம் நீ வெப்சைட் ஆரம்பித்தாய். அடடா, அந்த நாட்கள்! வீடே பரபரப்பாக இருந்தது. அதைச் செய்து கொடுக்க வந்தவர் என்னென்னவோ யோசனை சொன்னார். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று பேஷன்ட்டுகளின் சிரித்த முகங்களை வரிசையாகப் போடலாம் என்றார். வெப்சைட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு, அவர்கள் வேறு எங்கே போனாலும் நம் விளம்பரம் கண்ணில் படுகிற மாதிரி செய்யலாம் என்றார். கேட்டதும் எனக்கு ஒரே உற்சாகம், ஆஹா என்றேன். நீ முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாய். ‘பல்லு வலிக்குதுன்னு தேடி வந்தவங்களை அதுக்கப்புறம் விளம்பரம் துரத்திக்கிட்டே இருக்கணுமா? வேண்டாம்.’ பெயர், போன் நம்பர், எந்த நேரம் வசதி, இந்த மூன்றுக்கு மேல் அந்தப் பக்கத்தில் எதையும் கேட்கக்கூடாது என்றாய். முகம் தெரிகிற போட்டோ ஒன்றுகூட இல்லை. கடைசியில் நாற்காலியும் ஜன்னலும் மட்டும் இருக்கிற ஒரு படம்! துணிக்கடை வெப்சைட்டே இதைவிட நன்றாக இருக்கும் என்று உன் அப்பாவிடம் புலம்பினேன்.

அந்தரங்கம் பற்றி ஓர் அறிவிப்பு வேண்டும், வங்காளத்திலும் இங்கிலீஷிலும் தமிழிலும் வேண்டும் என்றாய். தமிழ் யார் எழுதுவது? நான்தான்! நீ இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, சமையல் மேடையில் வைத்தே எழுதினேன். உங்களைப் பற்றிய குறிப்புகளை உங்கள் சிகிச்சைக்கு மட்டுமே பயன்படுத்துவோம். சிகிச்சை விவரங்களை மருத்துவர் மட்டுமே பார்ப்பார். உங்கள் குறிப்புகளை யார் பார்த்தார்கள் என்று நீங்கள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்டால் உண்மையைச் சொல்வோம். கடைசி வரிக்கு மட்டும் நான் பேனாவை வைத்துவிட்டேன். ‘எவன்டா இதை வந்து கேட்கப்போறான்? இடத்துக்குத்தான் கேடு’ என்றேன். ‘யாரும் கேக்கலைன்னாலும் இருக்கட்டும்மா’ என்றாய். எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நீ சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வெப்சைட்டில் கையெழுத்து வராது என்று அப்புறம்தான் தெரிந்தது.

கம்ப்யூட்டரிலும் அப்படியே ஏற்பாடு செய்தாய். கவுன்டரில் என் பெயரில் நான் நுழைந்தால் பெயரும் போன் நம்பரும் வருகிற நேரமும் மட்டும் தெரியும். அதற்கு மேல் தட்டினால் டாக்டர் பாஸ்வேர்டு கேட்கும். நல்லது என்று இருந்தேன், பெரியத்தை அந்தப் போட்டோவை அனுப்புகிற வரைக்கும்.

உன் பெரியத்தையைப் பற்றி மலர் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரருக்கு அக்கா, திருச்சியில் இருக்கிறாள், நல்லவள், ஆனால் அவள் விசாரிக்காமல் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது ஒரு வாரப் பத்திரிகையைக் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். எனக்குப் படிப்பு வருகிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்து, இருக்கிற மூச்சையெல்லாம் பிடித்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். பல் வரிசை எப்படி என்று பார்க்கத்தான் அப்படிச் செய்ததாகக் கல்யாணம் முடிந்தபின் அவளே சொல்லிச் சிரித்தாள். எனக்கு அன்று பற்றிக்கொண்டு வந்தது. சந்தையில் மாடு வாங்குகிற மாதிரி என்று உன் அப்பாவிடம் அழுதேன். அப்படி அழுதவள்தான் பிற்பாடு என்ன செய்தேன் என்று பார்.

பெரியத்தை அனுப்பிய போட்டோவில் இருந்தவள் அபிராமி. அவள் அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், சாந்த்ராகாச்சியில் வீடு, பெண் பேங்க் ஆபீசர். ஜாதகம் பொருந்தியிருந்தது. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இந்தப் பெண் நம் ஹாலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேனே! மாடிப்படியில் மூச்சிரைக்க ஓடிவந்து உன்னிடம் காட்டினேன். ‘டேய், இது நம்ம பேஷன்ட்டுதானே?’ நீ போட்டோவை வாங்கிப் பார்த்தாய், திருப்பிக் கொடுத்தாய். ‘ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். என்னைக் கேக்காதே’ என்றாய். பெற்ற தாயிடம்! கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பற்றி! நான் அசந்துபோய் நின்றேன். ஆனால் உன் காது மடல் சிவந்திருந்தது, அதை நீ மறைக்க முடியவில்லை.

இரண்டு குடும்பமும் மார்க்கெட் பக்கத்து ஹோட்டலில் சந்தித்தோம். நீ முன்பின் தெரியாதவன் மாதிரி வணக்கம் சொல்லிவிட்டு மரம்போல உட்கார்ந்திருந்தாய். அவள்தான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ‘அப்பா, இவர்தான் என் டென்டிஸ்ட்’ என்று சொன்னாள். அவள் அப்பா அதிர்ச்சியில் வடையை அப்படியே கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன பிறகுதான் நீ நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாய். அன்றிலிருந்து நீ தினமும் ஷேவ் செய்துகொள்ள ஆரம்பித்தாய், குளிக்கும்போது பாட்டு வேறு. இவள் இல்லை என்றால் பையன் நொறுங்கிப்போவான் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. அவள் மட்டும் யோசிக்கக் கொஞ்ச நாள் வேண்டும் என்றாள்.

அந்தக் கொஞ்ச நாளில்தான் பெரியத்தை போன் மேல் போன் போட்டாள். ‘போட்டோவுல பொண்ணு வாயை மூடிக்கிட்டே சிரிக்குது பாத்தியா? பல் டாக்டர்கிட்ட எதுக்குப் போச்சு? கட்டின பல்லா, வேற ஏதாச்சும் நோவா? கம்ப்யூட்டரு உன் கையில இருக்கு. ஒரு தட்டு தட்டினா தெரிஞ்சிடும். நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லாதே’ என்றாள். ‘அதெல்லாம் பார்க்கக்கூடாது அண்ணி’ என்று முதல் நாள் சொன்னேன். இரண்டாம் நாளும் சொன்னேன். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, நீ ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தட்டினேன். பாஸ்வேர்டு கேட்டது. விட்டேனா? உன் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தேன். உன் செல்லப் பெயரைப் போட்டேன். குலதெய்வத்தின் பெயரைப் போட்டேன். கும்பிட்டுக்கொண்டே போட்டேன் என்பதுதான் வேடிக்கை. கதவு திறக்கவே இல்லை. ஒன்றும் பார்க்கவில்லையே, அப்புறம் என்ன என்று கம்ப்யூட்டரை மூடிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

தட்டினது எல்லாம் கம்ப்யூட்டரிலேயே பதிவாகும் என்று எனக்கு யாருடா சொன்னார்கள்?

அந்த வாரக் கடைசியில் சாப்பாட்டு மேஜையில் நீ போனை என் பக்கம் திருப்பினாய். வெப்சைட் வழியாக ஒரு கேள்வி வந்திருந்தது. என் குறிப்புகளை யார் யார் பார்த்தார்கள் என்று தெரிவிக்கவும், அபிராமி. அதற்குக் கீழே நீ எழுதி வைத்திருந்த பதில். இங்கிலீஷில் இருந்தது, எனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்கிறேன். உங்கள் குறிப்புகளைச் சிகிச்சைக்காக நான் மட்டும் பார்த்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை கவுன்டரில் இருந்த என் அம்மா திறக்க முயன்றார். திரும்பத் திரும்ப முயன்றார். திறக்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. சிகிச்சைக்கும் அந்த முயற்சிக்கும் சம்பந்தம் இல்லை. இது நடந்திருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்த டாக்டரைச் சொல்கிறீர்களோ அவருக்கு உங்கள் குறிப்புகளை அனுப்பிவைக்கிறேன்.

நான் ரசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். ‘உனக்குத் தெரியாம அனுப்பக்கூடாதுன்னுதான் காட்டறேன்’ என்றாய். நான் என்னென்ன கெஞ்சினேன்! ‘கை தவறிப் பட்டுடுச்சுன்னு எழுதுடா.’ ‘இத்தனை தடவையாம்மா தவறும்?’ ‘சரி, யாரும் பாக்கலைன்னு மட்டும் எழுது. அது உண்மைதானே? பாக்கலையே நான்!’ ‘அவ கேட்டது எனக்கு எது சௌகரியமோ அதை இல்லைம்மா’ என்றாய். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. உனக்கும் பயம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை அனுப்பினால் அவள் கை நழுவிப் போய்விடுவாள் என்று உனக்குத் தெரியாமலா இருந்தது? நான் அழ ஆரம்பித்தேன். உன் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று புலம்பினேன். அதுவரை வாயைத் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் அப்பா, மோருக்குக் கை நீட்டிக்கொண்டே, ‘அனுப்புடா’ என்றார். நீ அனுப்பினாய்.

அதற்கப்புறம் பதிலே இல்லை. அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். நீ ஷேவ் செய்வதை நிறுத்திவிட்டாய். பாட்டு நின்றது. பெரியத்தையிடம் நடந்ததைச் சொன்னேன். ‘கேள்வி கேக்குற பொண்ணு நமக்கு எதுக்கு? விட்டுத் தள்ளு, வேற இடம் பாப்போம்’ என்றாள். எனக்கு ரொம்ப வருஷத்துக்கப்புறம் அவள்மேல் கோபம் வந்தது, அதைவிட என்மேல் கோபம் வந்தது. கவுன்டருக்கு வருவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ‘ஏன்? பேரைக் கூப்பிடறதுல இப்ப நீ எக்ஸ்பர்ட்டும்மா’ என்று நீ சொன்னாய். அந்த நிலையிலும் என்னைச் சிரிக்க வைத்தாய்.

சனிக்கிழமை மத்தியானம், நீ உள்ளே வேலையாக இருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். பேங்க் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது, குடையில் சொட்டச் சொட்டத் தண்ணீர். என்ன கேட்டேன் தெரியுமா? ‘அப்பாயின்ட்மென்ட் இருக்கா?’ என்றேன்! ‘இல்லை ஆன்ட்டி. உங்களைத்தான் பாக்க வந்தேன்’ என்றாள். ஹாலில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் இருந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன், ‘நான் செஞ்சது தப்பும்மா. அவன்மேல கோவப்படாதே. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான், என்னை என்ன வேணா சொல்லு.’ அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

‘ஆன்ட்டி, எங்க பேங்க்ல ஒருத்தர் வேலைக்குச் சம்பந்தமில்லாம வேற ஒருத்தர் அக்கவுண்டைத் திறந்து பாத்தா மறுநாளே கேள்வி வரும். அந்தப் பழக்கத்துலதான் கேட்டேன். என்னைப் பாக்க வந்த வீடெல்லாம் விசாரிச்சாங்க. ஆபீஸ்ல விசாரிச்சாங்க, பாடால அக்கம்பக்கத்துல விசாரிச்சாங்க, காலேஜ் ஃப்ரெண்டு வரைக்கும் போனாங்க. கேட்டா, நாங்களா, சேச்சே, அப்படில்லாம் இல்லைன்னாங்க. இவரும் அப்படி ஏதாவது எழுதுவாருன்னு நினைச்சேன். எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சுக்க வழியே இல்லை.’ அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினாள். ‘பெத்த அம்மாவையே காட்டிக் கொடுத்து, தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் நிஜத்தை எழுதினாரு. இவர்கிட்ட நான் பயப்படாம இருக்கலாம், ஆன்ட்டி. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். எனக்குச் சம்மதம்.’

நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன், அவள் குடை என் காலில் விழுந்தது, எனக்குக் கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது. ‘கீ ஹோலோ பௌதி, காந்த்சென் கேனோ?’ என்று கன்னத்தில் ஐஸ் ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்த அம்மாள் பதறிப்போய்க் கேட்டாள், ஏன் அழுகிறீர்கள் என்று. சாதாரணமாக இருந்தால் அந்த அம்மாளுக்கு ஆதியோடந்தம் எல்லாம் சொல்லியிருப்பேன். அபிராமியைப் பார்த்தேன். ‘சொல்லலாமா?’ என்று தமிழில் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அப்புறம் என்ன, ஹால் முழுக்கக் கைதட்டல். நீ வாயில் முகமூடியோடு வெளியே வந்து, கையில் அந்தப் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாயே, அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

புத்திமதி சொல்லவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கதையே இவ்வளவு நீண்டுவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன். பேஷன்ட்டிடம் நீ எவ்வளவு மரியாதையாக இருக்கிறாயோ அவ்வளவும் பெண்டாட்டியிடமும் இரு. கட்டியவன் என்பதால் அவள் போன் உன் போன் ஆகிவிடாது, அவள் சம்பளமும் ஆகாது, அவள் அம்மாவிடம் பேசுகிற பேச்சும் ஆகாது. நீங்கள் சண்டை போட்டால் என்னிடம் வந்து சொல்லாதே. நான் கேட்பேன், நிச்சயம் கேட்பேன், மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துத் துளைத்து எடுப்பேன். அப்போதும் சொல்லாதே. போட்டோவைக் காட்டி நான் கேட்டபோது முகத்தை எப்படி வைத்துக்கொண்டாயோ அப்படியே வைத்துக்கொள். எனக்குக் கோபம் வரும், இரண்டு நாள் பேசாமல் இருப்பேன், மூன்றாம் நாள் தோசை வார்த்துத் தருவேன். தப்பு நடந்தால் மட்டும், அன்று மேஜையில் எழுதியதைப் போல நேராகச் சொல்லிவிடு. நான் சொல்லிக் கொடுத்து நீ கற்றுக்கொண்டதில்லை இது. நீ செய்ததைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது. பெருமையாக இருக்கிறது, வாய்விட்டுச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அன்று அவளை பஸ் ஏற்றிவிட நானும் மழையில் கூடவே நடந்தேன். வழியில் அவள், ‘ஆன்ட்டி, என்ன தெரிஞ்சுக்கணும்னு அன்னிக்குத் தட்டினீங்க? என்னையே கேளுங்க’ என்றாள். ‘ஒண்ணுமே வேண்டாம்மா, சத்தியமா வேண்டாம்’ என்றேன். நிஜமாகவே வேண்டாம் என்றுதான் இருந்தது, எனக்கே ஆச்சரியம். பஸ் வரவில்லை. காய்கறிக் கடையின் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கி நின்றோம். அவளாகவே சொன்னாள். யாரும் தட்டவில்லை, யாரும் விசாரிக்கவில்லை, அவளுக்குத் தோன்றியது, சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பெரியத்தை போன் செய்தாள். கல்யாணம் முடிவானது கேட்டு அவளுக்கும் சந்தோஷம்தான். ‘அது சரி, பல்லு விஷயம் என்னவாம்? ஏதாச்சும் சொல்லுச்சா?’ என்றாள். ‘சொன்னா அண்ணி’ என்றேன். ‘என்ன சொல்லுச்சு?’ ‘அது அவ விஷயம் அண்ணி.’ ‘என்கிட்டயா சொல்ல மாட்டேங்கிற? இத்தனை வருஷத்துல என்கிட்ட நீ ஒண்ணை மறைச்சதுண்டா? நேத்து வந்தவ என்னைவிட உனக்குப் பெரிசாப் போயிட்டாளா?’ என்றாள். ‘ஆமா அண்ணி’ என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு எனக்கே சிரிப்பு வந்தது.

கல்யாணத்துக்கு அவள் உர்ரென்று வருவாள், நீதான் சமாளிக்கவேண்டும். உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் என்ற முறையில் உனக்குத் தெரிந்ததும் அபிராமி எனக்குச் சொன்னதும் ஒன்றுதானா என்று எனக்குத் தெரியாது, சரிபார்க்க உன்னிடம் கேட்கவும் மாட்டேன். நீயும் என்னிடம் கேட்காதே. நாக்கு துறுதுறுவென்கிறது, உன்னிடமாவது சொல்லித் தொலைக்கலாமா என்றிருக்கிறது. ஆனாலும் மாட்டேன்.

அம்மா